சுவரில் ஒரு பென்சில் கோடு

இருபத்திரண்டு வருஷம் பஸ் ஓட்டியவளை டிக்கெட் கவுண்டரில் உட்கார வைப்பார்களாம்! டெப்போ மேனேஜர் போனில் சொன்னதும் அவளுக்கு உச்சந்தலை வரை பற்றிக்கொண்டு வந்தது. இடது மார்பில் புற்றுநோய் என்று டாக்டர் சொன்ன அன்றைக்குக்கூட அவள் இப்படிக் கொதிக்கவில்லை. "சரி, எடுத்துருங்க. மறுபடி எப்ப வண்டி ஓட்டலாம்?" என்றுதான் கேட்டாள். டாக்டர்தான் பாவம், ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தார்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மார்பு போயிற்று, போனது போகட்டும். ஆனால் இடது கை தோளுக்கு மேல் எழும்ப மாட்டேன் என்று அடம்பிடித்தது. அந்தக் கை தலைக்கு மேல் போகிறது என்று ஆஸ்பத்திரி எழுதிக் கொடுத்தால்தான் திரும்ப ஸ்டீயரிங். இல்லாவிட்டால் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து, அவளுடைய ஒன்பதாம் நம்பர் பஸ்ஸை வேறு யாரோ ஓட்டிப் போவதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

சான்றிதழ் வேண்டுமா, வியாழக்கிழமைக் கூட்டத்துக்கு வாருங்கள் என்றார்கள். இதே நோய் வந்த பெண்கள் கூடிப் பேசி, கைக்குப் பயிற்சி செய்கிற கூட்டம்.

"மூக்கைச் சிந்துற கூட்டத்துல எனக்கென்னங்க வேலை?" என்று வீட்டுக்காரரிடம் எகிறினாள்.

அவர் அதே டெப்போவில் மெக்கானிக். "போய்த்தான் பாரேன். உன்னைப் பார்த்து அவங்க அழாம இருந்தா சரி" என்றார்.

போனால், ஒருத்தியும் அழவில்லை. ஆஸ்பத்திரியின் பின்பக்கத்தில் ஒரு அறை, ஏழெட்டு பிளாஸ்டிக் நாற்காலி, ஃபிளாஸ்க் நிறைய டீ, கூரை பிய்த்துக்கொண்டு போகிற மாதிரி சிரிப்பு. கூட்டத்தை நடத்தியவள் ஒரு பார்லர்க்காரி, இவளைவிடப் பத்து வயது சின்னவள். மருந்தில் தலைமுடி அத்தனையும் கொட்டியிருந்தது. "ஊர்ல ஒரு தலையை விட்டு வெச்சேனா? இப்ப என் தலைக்கு வந்துருச்சு" என்று மொட்டையைத் தடவிக்கொண்டாள்.

பயிற்சி ஒன்றும் பெரிய வித்தை இல்லை. ஆபரேஷன் செய்த பக்கத்துக் கையின் விரல்களைச் சுவரில் எறும்பு போல மெல்ல மேலே நகர்த்த வேண்டும். எட்டிய இடத்தில் பென்சிலால் ஒரு கோடு. பக்கத்தில் தொழிலும் தேதியும். சுவர் பூராவும் கோடுகள். பார்லர், தபால், டீச்சர், வக்கீல்.

"ஏறுங்க டிரைவரக்கா" என்று பென்சிலை நீட்டினாள் பார்லர்க்காரி. உடனே எல்லாரும் ஃபிளாஸ்க் பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

விரல்கள் தோள் உயரம் வரை ஏறி நின்றுவிட்டன. அக்குளுக்குள் கயிறு கட்டி இழுப்பது போல வலி. அவள் திரும்பிப் பார்த்தாள். யாரும் கவனிக்கவில்லை. சட்டென்று வலது கையைத் தலைக்கு மேல் உயர்த்தி, எட்டிய இடத்தில் கோட்டைப் போட்டு 'டிரைவர்' என்று எழுதிவிட்டாள்.

பயிற்சி கொடுக்கிற பெண் கடைசி ஐந்து நிமிஷத்தில்தான் மூச்சிரைக்க ஓடி வந்தாள். அவளுக்கு இன்னும் மூன்று வார்டு பாக்கி. சுவரைப் பார்த்து, "அடேங்கப்பா, முதல் நாளேவா! அடுத்த வாரம் சான்றிதழ் எழுதித் தர்றேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை, டெப்போவில் நின்ற காலி பஸ்ஸில் அவள் ஏறினாள். வீட்டுக்காரர் எஞ்சினை ஓடவிட்டார். கை மாற்றிக் கை மாற்றி ஸ்டீயரிங்கைத் திருப்பினாள். பாதியில் இடது கை நழுவியது. இன்னொரு தடவை. அப்போதும் நழுவியது. பள்ளிக்கூட முனையின் ஒடுக்கமான திருப்பமும், பின்னால் நிற்கிற நாற்பது பேரும் அவள் கண்முன் வந்தார்கள். அவளுக்குப் பயமாக இருந்தது. பயத்தைவிட வெட்கம் அதிகமாக இருந்தது.

"ஏங்க, நான் பொய்க்கோடு போட்டுட்டேன்" என்று ஸ்டீயரிங்கில் தலையை வைத்து அழுதாள். நோய் வந்ததிலிருந்து அதுதான் முதல் அழுகை.

"தெரியும்" என்றார் அவர். "மேல்தட்டு டப்பாவை எடுக்க என்னைத்தானே இன்னும் கூப்பிடுற?"

வியாழக்கிழமை அறைக்குள் நுழைந்ததும் நின்றபடியே சொல்லிவிட்டாள். "அந்தக் கோடு பொய். நல்ல கையால போட்டது. எனக்குச் சான்றிதழ் வேண்டாம்."

எல்லாரும் சிரித்தார்கள் பாருங்கள், ஒருத்திக்கு டீ புரையேறியது. பார்லர்க்காரி அவள் கையைப் பிடித்துச் சுவரண்டை கூட்டிப் போனாள்.

"இது என்னோட முதல் கோடு, உச்சத்துல. இது அடுத்த வாரத்துக் கோடு. ஒரே வாரத்துல கை ரெண்டடி இறங்கிருச்சு பாருங்கக்கா! தபாலும் அப்படித்தான், வக்கீலும் அப்படித்தான். முதல் நாள் யாருதான் உண்மையைப் போட்டா?"

"அப்ப உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியாமயா திரும்பி நின்னோம்? டீ அவ்வளவு ருசியாவா இருந்துச்சு?"

அவளுக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. "நான் பாட்டுக்குச் சான்றிதழை வாங்கிட்டு வண்டி எடுத்திருந்தா?"

"பஸ் முன்னாடி நான் படுத்திருப்பேன். என் தலை வெயில்ல மின்னும். எப்படியும் பிரேக் போட்டிருப்பீங்க."

கோபம் போன இடம் தெரியவில்லை. அவளும் சிரித்துவிட்டாள். பிறகு, எல்லாரும் பார்க்க, தோள் உயரத்தில் தன் நிஜக் கோட்டைப் போட்டாள்.

ஒன்பது வாரம் ஆயிற்று. வலித்தபோது திட்டினாள், திட்டியபோது தபால்காரம்மா கூடச் சேர்ந்து திட்டினாள். ஒன்பதாவது வியாழன் இடது கை நடுவிரல் அந்தப் பொய்க்கோட்டைத் தொட்டது. பயிற்சி கொடுக்கிற பெண் இந்தத் தடவை கையைத் தானே தூக்கி, மடக்கி, அளந்து பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டாள். திங்கட்கிழமை காலை பள்ளிக்கூட முனையில் ஒன்பதாம் நம்பர் பஸ் சமர்த்தாகத் திரும்பியது. பின்னால் நின்ற நாற்பது பேருக்கும் எதுவுமே தெரியாது. அவளுக்கு வாய்விட்டுக் கத்த வேண்டும் போல இருந்தது. ஹாரன் அடித்துத் தீர்த்துக்கொண்டாள்.

வியாழக்கிழமை மட்டும் இன்னும் விடவில்லை. வேலை முடிந்து யூனிஃபார்மோடு வந்துவிடுகிறாள். போன வாரம் புதிதாக ஒருத்தி வந்தாள், பெரிய ஹோட்டலில் தலைமைச் சமையல்காரியாம். "எனக்கு இந்தப் பேச்சு கீச்செல்லாம் வேண்டாம். கையெழுத்து கிடைச்சா போதும், போய்ட்டே இருப்பேன்" என்றாள்.

"அதுக்கென்ன, ஏறுங்க" என்று டிரைவர் பென்சிலைக் கொடுத்துவிட்டு ஃபிளாஸ்க் பக்கம் திரும்பிக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில், சுவரில் வெகு உயரத்தில், பென்சில் கீறுகிற சத்தம் கேட்டது. அவள் திரும்பவில்லை. புதியவளுக்கும் சேர்த்து, நிதானமாக டீ ஊற்றினாள்.