வேயா, வாவா

மூன்றாவது வாக்கியத்தில்தான் யோகப்பிரியாவுக்குச் சந்தேகம் தட்டியது. அதுவரை நேர்முகம் நன்றாகவே போய்க்கொண்டிருந்தது. கைபேசியைத் தையல் மெஷின் மேல் சாய்த்து வைத்து, பின்னால் சுவரில் இருந்த காலண்டரைக் கழற்றிவிட்டு, நர்ஸ் வேலைக்குப் போகும்போது போடுவதுபோலத் தலையை இறுக்கிக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இங்கே மாலை ஏழரை, அங்கே காலை பத்து. கனடாவில், பிரெஞ்சு பேசுகிற கியூபெக் மாகாணத்தில், ஏதோ ஒரு சிற்றூரில் முதியோர் இல்லம் நடத்துகிற அம்மாள் திரையில் இருந்தாள். பெயர் லெவேக். சிரித்த முகம், கழுத்தில் கயிறு கட்டித் தொங்கும் கண்ணாடி. பெயர் கேட்டாள், எத்தனை வருட அனுபவம் என்று கேட்டாள். பிறகு, "ழ வா வூ ஸான்வ்வாயே லே பாப்பியே" என்றாள். உங்களுக்குக் காகிதங்களை அனுப்பப் போகிறேன் என்று பொருள். பொருள் புரிந்துவிட்டது. ஆனால் அந்த இடத்தில் 'வே' என்றல்லவா வர வேண்டும்?

ஐந்து மாதமாகக் கல்பாத்தியில் பத்மப்ரியா டீச்சரிடம் பிரெஞ்சு படிக்கிறாள். கொழிஞ்சாம்பாறை வீட்டிலிருந்து சனிக்கிழமை தோறும் பஸ். மற்ற நாட்களில் கைபேசியில் பாடம். சீக்கிரம் நடக்கப் போவதைச் சொல்லும் பாடம் வந்த அன்று டீச்சர் கரும்பலகையில் எதுவும் எழுதவில்லை. சாப்பிடப் போறேன், தூங்கப் போறேன் என்று நாம் சொல்வதில்லையா, அதேதான் அவர்களுக்கும் என்றார். போவதைச் சொல்லும் சொல் ஆளுக்கு ஆள் மாறும், பின்னால் வரும் வினை மாறாமல் அப்படியே நிற்கும். நான் என்றால் வே. நீ என்றால் வா. அவன், அவள் என்றாலும் வா. யோகப்பிரியாவுக்கு அந்த மொழியில் சந்தேகமே இல்லாமல் தெரிந்தது அது ஒன்றுதான். வார்டில் சலைன் பாட்டில் மாற்றும்போதும், தொழுவத்தில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டும்போதும் மனதுக்குள் சொல்லிச் சொல்லி, வே, வா, வா என்று நாக்கில் ஏறியிருந்தது.

நேர்முகம் முடிந்ததும் கதவோரம் நின்று தன் கைபேசியில் எல்லாவற்றையும் பதிவு செய்திருந்த கணவன் சிவப்பிரகாஷிடம் அதை வாங்கி மறுபடி கேட்டாள். மூன்று இடத்தில் அந்த அம்மாள் 'நான்' என்று தொடங்கி 'வா' என்றுதான் சொல்லியிருந்தாள். யோகப்பிரியா விஷயத்தைச் சொன்னதும் அவன் சிரித்தான். நீ படிக்கிறது அஞ்சு மாசம், அவங்க பொறந்ததுல இருந்து பேசறாங்க என்றான்.

"பொறந்ததுல இருந்து பேசறாங்கன்னு ஆருங்க கண்டா?" என்றாள் யோகப்பிரியா.

அவன் சிரிப்பு நின்றுவிட்டது. அந்த வீட்டில் அந்தக் கேள்விக்கு ஒரு வருடத்து வயது. போன ஆடியில் பக்கத்துத் தோட்டத்து ராக்கப்பனின் மகன் போலந்துக்கு வேலைக்கென்று போய், டெல்லியைத் தாண்டாமல் திரும்பி வந்தான். அவனையும் இப்படித்தான் யாரோ திரையில் சிரித்த முகத்தோடு கேள்வி கேட்டிருந்தார்கள். இப்போது கோயம்புத்தூர் ஏஜென்சிக்காரன் வெள்ளிக்கிழமைக்குள் பாஸ்போர்ட்டும் நர்சிங் சர்டிபிகேட்டும் அசலாக வேண்டும் என்கிறான். அவள் வேலை பார்க்கும் பக்கத்துச் சித்தூர் ஆஸ்பத்திரியில் ராஜினாமாவும் எழுதிக் கொடுத்துவிட்டு வரச் சொல்கிறான்.

மாமனார் காளிச்சாமி எல்லாவற்றையும் வாசலில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். தமிழும் சந்தையில் பழகிய மலையாளமும் தவிர அவருக்கு வேறு பாஷை கிடையாது. மருமகளைக் கூப்பிட்டார்.

"அம்மிணி, ஒருத்தன் வந்து, 'நான் நேத்து வந்தான்'னு சொன்னா அவன் நம்மூர்க்காரனா?"

"இல்லீங்க மாமா."

"அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டு அவர் எழுந்து மோட்டார் போடப் போய்விட்டார்.

அதன் பிறகு அந்தப் பதிவில் எதைப் பார்த்தாலும் கோணலாகவே தெரிந்தது. அந்த அம்மாளுக்குப் பின்னால் அலமாரியில் ஒரே நிறத்தில் வரிசையாகக் கோப்புகள். யாரும் எடுத்துப் பார்த்த மாதிரி இல்லை. ஜன்னலில் பச்சை மரம். கனடா என்றால் பனி இருக்க வேண்டாமா என்று சிவப்பிரகாஷ் கேட்டான். அங்கே இப்போது கோடைக்காலம் என்று யோகப்பிரியாவுக்குத் தெரியும். தெரிந்தும் அந்த மரத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். நம் ஊர் மரமாக இருந்துவிட்டால்?

வியாழக்கிழமை லீவு போட்டுவிட்டுக் கல்பாத்திக்குப் போனாள். பத்மப்ரியா டீச்சருக்கு ஐம்பத்தைந்து வயது. சென்னையில் ஒரு பள்ளியில் முப்பது வருடம் பிரெஞ்சு கற்றுக்கொடுத்துவிட்டு ஊர் திரும்பியவர். உச்சரிப்பில் ஒரு சின்னப் பிசகைக்கூட விடமாட்டார். காதில் ஹெட்செட்டை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். ஒரு முறைதான் கேட்டார்.

"தப்பு. சுத்தத் தப்பு. என்கிட்ட ரெண்டு மாசம் படிச்ச குழந்தைகூட இப்படிச் சொல்லப்படாது" என்றார். "நீ ஒரு காகிதமும் கொடுக்க வேண்டாம், கேட்டியா."

யோகப்பிரியாவுக்கு ஏமாற்றமாக இருந்திருக்க வேண்டும். ஆனால் திரும்பி வரும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தபோது மனசு நிமிர்ந்துதான் இருந்தது. பெரிய படிப்புப் படித்தவர்கள் ஏமாறுகிற இடத்தில் ஒற்றை எழுத்தை வைத்துத் தான் பிடித்துவிட்டோம் என்று தோன்றியது. வீட்டில் அதைச் சொன்னபோது காளிச்சாமி இரண்டு முறை தலையாட்டினார். அந்த வீட்டில் அவர் அவளுக்காக அப்படித் தலையாட்டியது அதுவரை இல்லை.

காகிதம் தரப்போவதில்லை என்றதும் ஏஜென்சிக்காரன் முதலில் கெஞ்சினான், பிறகு கோபப்பட்டான். இந்த மாதிரி வாய்ப்பை விடுகிற ஆளை இப்போதுதான் பார்க்கிறேன் என்றான். அவன் கோபம் யோகப்பிரியாவின் நம்பிக்கையை இன்னும் கெட்டியாக்கியது.

அதே வேலைக்கு அவளோடு வேலை பார்க்கும் செல்வப்பிரியாவும் நேர்முகத்தில் பேசியிருந்தாள். நல்லேப்பிள்ளி ஊர்ப் பெண், யோகப்பிரியாவைவிட நாலு வயது இளையவள். பிரெஞ்சு வகுப்பிலும் கூடவே வந்தவள், ஆனால் வேயும் வாவும் அவள் வாயில் எப்போதும் இடம் மாறித்தான் வரும். வெள்ளிக்கிழமை காலை டியூட்டி மாறும் நேரத்தில், மருந்து அறையில் வைத்து யோகப்பிரியா அவளிடம் எல்லாவற்றையும் சொன்னாள். டீச்சர் சொன்னதையும் சொன்னாள். செல்வப்பிரியா ஊசிகளை எண்ணி அடுக்கிக்கொண்டே கேட்டாள். எண்ணி முடித்துத் தட்டை மூடிய பிறகுதான் நிமிர்ந்தாள்.

"அக்கா, ரெண்டு பேர்ல ஒருத்தரைத்தான் எடுப்பாங்கன்னு உங்களுக்குத் தெரியுமில்லீங்க?"

யோகப்பிரியாவுக்கு அது தெரியாது. யாரும் அவளிடம் அப்படிச் சொல்லவில்லை. ஆனால் தெரியாது என்று அவள் சொன்னது அவள் காதுக்கே பொய்போல ஒலித்தது. அன்று மத்தியானம் செல்வப்பிரியா சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு வேறு மேஜைக்குப் போனாள். மறுநாள் வகுப்புக்கு வரவில்லை. காகிதங்களைக் கொடுத்துவிட்டாள் என்று நாலு நாள் கழித்து வேறொரு நர்ஸ் சொல்லித்தான் தெரிந்தது.

ஆவணி போனது, புரட்டாசி போனது. செல்வப்பிரியா விஷயத்தில் ஒன்றும் நடக்கவில்லை. மாதம் போகப் போக ஆஸ்பத்திரியில் யோகப்பிரியா சொன்னதுதான் சரி என்ற பேச்சு வந்தது. அவள் அறிந்த மட்டும் யாரிடமும் எதையும் பரப்பவில்லை. கேட்டவர்களிடம் மட்டும் 'வே', 'வா' கதையைச் சொன்னாள். கேட்காதவர்கள் குறைவாக இருந்தார்கள். செல்வப்பிரியா நடைபாதையில் எதிரே வந்தால் சுவர்ப் பக்கம் பார்த்துக்கொண்டு போவாள்.

நவம்பரில், கல்பாத்தித் தேர் முடிந்த மறுநாள், பத்மப்ரியா டீச்சரிடமிருந்து போன் வந்தது. எப்போதும் நேராக விஷயத்துக்கு வருகிறவர், அன்று மழையைப் பற்றியும் தேர்க்கூட்டத்தைப் பற்றியும் பேசிக்கொண்டிருந்தார். பிறகு, தன் அண்ணா பிள்ளை சந்தீப் அதே கியூபெக்கின் மாண்ட்ரியாலிலிருந்து தேருக்கு வந்திருப்பதைச் சொன்னார். பேச்சுவாக்கில் அந்தப் பதிவை அவனுக்குப் போட்டுக் காட்டினாராம்.

"அந்த ஊர்ல அவா அப்படித்தான் பேசுவாளாம். வேன்னு எழுதினாலும், வீட்டுலயும் வேலையிலயும் வான்னு சொல்றவா நிறையப் பேர் உண்டாம். கேட்டுட்டு அவன் சிரிக்கறான்" என்றார். "நான் புஸ்தகத்துல படிச்சவளாக்கும், யோகப்பிரியா. அந்தப் பக்கம் நான் போனதே இல்லை."

பரவாயில்லை டீச்சர் என்று யோகப்பிரியா சொன்னாள். போனை வைத்த உடனே ஏஜென்சிக்குக் கூப்பிட்டாள். அவன் குரலில் கோபம்கூட இல்லை. அந்த இடம் முடிந்துவிட்டது, அடுத்தது வந்தால் சொல்கிறேன் என்றான். அவன் சொல்லவே போவதில்லை என்று அவளுக்குத் தெரிந்தது. வீட்டில் கணவனிடம் மட்டும் சொன்னாள். அவன், அந்த சந்தீப் சொல்வது மட்டும் சரி என்று எப்படி நம்புவது என்று கேட்டான். தேற்றுவதற்காகத்தான் கேட்டான். அவளும் ஒரு நிமிஷம் அதைப் பிடித்துக்கொள்ளப் பார்த்தாள்.

தை பிறந்து பத்தாம் நாள் செல்வப்பிரியா புறப்பட்டாள். வார்டில் எல்லோருக்கும் லட்டு கொடுத்தாள். யோகப்பிரியாவின் கையிலும் ஒன்றை வைத்தாள், முகத்தைப் பார்க்காமல். போய்ச் சேர்ந்த பிறகு மூன்று வாரம் எந்தச் செய்தியும் இல்லை. அவள் அம்மாவிடம் தினமும் பேசுகிறாள் என்று ஒருத்தி சொன்னாள். போன் எடுப்பதே இல்லையாம் என்று இன்னொருத்தி சொன்னாள். போலந்துக் கதை மறுபடி கிளம்பியது. செல்வப்பிரியாவைப் பற்றிக் காளிச்சாமியிடம் யாரும் எதையும் சொல்லியிருக்கவில்லை. இருந்தாலும் ஒரு நாள் சாப்பிட்டுக் கை கழுவும்போது, "இன்னம் ஒரு மாசம் போகட்டும், பாக்கலாம்" என்றார்.

மாசி முதல் வாரத்தில், மாலை டியூட்டிக்குப் போன யோகப்பிரியாவிடம் ஒரு நர்ஸ், செல்வப்பிரியா அனுப்பியது என்று ஒரு வீடியோவைக் காட்டிவிட்டு அதை அவளுக்கும் அனுப்பினாள். பன்னிரண்டு விநாடி. நீண்ட நடைபாதை. செல்வப்பிரியா முதுகு காட்டி ஒரு சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போகிறாள். இளநீலச் சீருடை. நாற்காலியில் இருக்கும் கிழவி மட்டும் கழுத்தைத் திருப்பி, படமெடுக்கிறவரைப் பார்த்துக் கையாட்டுகிறாள்.

மருந்து அறையில் தனியாக நின்று யோகப்பிரியா அதை மறுபடி மறுபடி ஓட விட்டாள். தோள் இளைத்திருக்கிறதா என்று பார்த்தாள். படமெடுப்பது யார்? ஏன் இவள் ஒரு முறைகூடத் திரும்பவில்லை? சுவரில் கதவு எண்கள், ஒரு தீயணைப்பு உருளை, தரையில் ஈரம் காயாத ஒரு தடம். ஏழாவது முறையோ எட்டாவது முறையோ ஓடும்போதுதான், தான் எதைத் தேடிக்கொண்டிருக்கிறோம் என்பது அவளுக்கே பிடிபட்டது. கைபேசியைக் கவிழ்த்து வைத்தாள். வார்டில் யாரோ மணி அடித்தார்கள். போகாமல் அதை எடுத்து இன்னொரு முறை ஓட விட்டாள்.

நாற்காலி நடைபாதையின் கோடிக்குப் போகிறது. அங்கே இரட்டைக் கண்ணாடிக் கதவு யாரும் தொடாமலே இரு பக்கமும் விலகுகிறது. வெளியே ஒரே வெள்ளை. கிழவியின் மயிர் காற்றில் லேசாக எழும்புகிறது. செல்வப்பிரியா குனிந்து அவள் மடிமேல் இருந்த கம்பளியை இழுத்து விடுகிறாள். முன் சக்கரம் வாசல்படியின் இரும்புப் பட்டையில் ஏறுகிறது. படம் அங்கேயே நின்றுவிடுகிறது.