அடியில் இன்னொரு குரல்

மூன்றாவது முறையாகப் பாட்டு திரும்பி வந்தபோது லிஃப்ட் மெக்கானிக் பதினோராவது மாடிக்கு மேலே, எந்திர அறையில், கையெல்லாம் கிரீஸோடு உட்கார்ந்திருந்தான். போனை முழங்கையால் தட்டி ஸ்பீக்கரில் போட்டான். பேசியவர் மாஸ்டரிங் செய்பவர். வீட்டில் பதிந்த பாட்டுகளை வெளியிடும் முன் கடைசியாகச் செம்மை செய்து தருபவர். அவனும் மனைவியும் அவருக்கு வைத்திருந்த பெயர் ‘கடைசிக் கை’.

“அண்ணே, மறுபடியும் பிழிஞ்சுதான் அனுப்பியிருக்கீங்க. சக்கையை வச்சுக்கிட்டு நான் என்ன பண்றது?”

“மத்தவங்க பாட்டெல்லாம் காதைக் கிழிக்குதே. நம்மது மட்டும் முனகினா யாரு கேப்பா?”

“சத்தம் ஏத்துறது என் பாடு. நீங்க எல்லாத்தையும் அமுக்கிச் சத்தமாக்குற அந்த லிமிட்டரைக் கழட்டுங்க. உச்சம் சிவப்புக் கோட்டுக்கு நல்லாக் கீழயே நிக்கட்டும். எனக்குக் கை வைக்க இடம் வேணும்ல?” கொஞ்சம் தயங்கினார். “ஒண்ணு கேக்கலாமா? பாடுறது அண்ணி ஒருத்தங்கதானே?”

“ஒருத்திதான்” என்றான். போனை வைத்த பிறகும் வெகுநேரம் ஸ்பேனரைத் தொடவில்லை.

அவன் மனைவி பல் மருத்துவமனையில் டோக்கன் எண் கூப்பிடுகிறவள். இரண்டு வருடம் முன்பு தைராய்டு அறுவை சிகிச்சைக்குப் பின் குரல் கம்மிப்போய், கூப்பிடுவதற்குப் பதில் அடிக்கச் சொல்லி ஒரு மணியைக் கொடுத்தார்கள். ஏழு மாத ஞாயிற்றுக்கிழமைகளில் இருவரும் படுக்கையறைச் சுவரில் மெத்தையைச் சாய்த்து வைத்துப் பதிந்த பாட்டு இது. மேலே போகும் இடங்களில் அவள் குரல் உடைந்தது. அவன் பழைய கோப்புகளைத் தோண்டி, அதே பாட்டை அவள் முன்பு பாடியிருந்த பதிவை எடுத்து, புதுக் குரலுக்கு அடியில் ஒட்டினான். ஒட்டு தெரியாமலிருக்க எல்லாவற்றையும் சேர்த்து அமுக்கிச் சத்தமாக்கினான். கேட்டுவிட்டு அவள் ஹெட்ஃபோனைக் கழற்றாமலே அழுதாள். “என் குரல் திரும்ப வந்துடுச்சுங்க” என்றாள். அப்போதே சொல்லியிருக்கலாம். அவன் வாயைத் திறப்பதற்குள் அவள் அக்காவுக்குப் போன் போட்டுவிட்டாள்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் குளிக்கக்கூட இல்லை. கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து லிமிட்டரைக் கழற்றினான். பாட்டு சட்டென்று இளைத்தது. மூன்றாவது வரியின் முடிவில் ஒரே சொல் இரண்டு தடவை, மயிரிழை இடைவெளியில் முடிந்தது.

“கூட யாருங்க பாடுறது?”

டீயோடு வாசலில் நின்றிருந்தாள். அவன் திரும்பவில்லை. கட்டில் ஓரத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“நான்தானா?”

“நாலு வருஷம் முன்னாடி.”

“அதைத் தனியாப் போடுங்க.”

பழைய குரல் சிரமமே இல்லாமல் அறையை நிறைத்தது. பக்கத்து வீட்டுப் பெண் பாடுவதைக் கேட்பதுபோலக் கேட்டாள். “நல்லாத்தான் பாடியிருக்கா” என்றாள். “இப்ப என்னோடது.”

புதுக் குரல் முழங்கால் வலிக்காரன் படியேறுவதுபோல ஏறியது. நின்றது. உடைந்து, பிறகு ஏறியது. அவன் தன் நகக்கண்ணில் இருந்த கிரீஸைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கப் பாத்திருக்கீங்க” என்றாள். இருவருக்கும் சிரிப்பு வரவில்லை. “அக்காகிட்ட வேற பீத்திக்கிட்டேன்.”

“உனக்காகத்தான்...”

“எனக்காகப் பண்ணதை எனக்குச் சொல்றதுக்கு என்ன?”

டீ ஆறி ஆடை படர்ந்தது.

“அவளை எடுத்துடுங்க.”

“எடுத்தா பாட்டு நிக்காதும்மா.”

“நிக்கலைன்னா உக்கார வைப்போம். சுருதியை ரெண்டு கட்டை இறக்குங்க.”

சுருதியை இறக்கினால் கிட்டார், கீபோர்டு எல்லாம் முதலிலிருந்து. இன்னும் எத்தனை ஞாயிறு என்று நினைத்தபோதே அவனுக்குத் தோள் வலித்தது. “இன்னைக்கேவா?”

“ஒரு வரி. எந்தச் சுருதியில நிக்குதுன்னு பாப்போம்.”

மெத்தையை இரண்டு பேருமாகத் தூக்கிச் சாய்த்தார்கள். அவன் புதிதாகப் பதியத் தொடங்கினான். தெருவில் ஏதோ வண்டி கிளம்ப மறுத்து உறுமிக்கொண்டிருந்தது. அது போகட்டும் என்று அவள் கையை உயர்த்திக் கண்ணை மூடி நின்றாள். திரையில் புதுப் பதிவின் கோடு நேராக நீண்டுகொண்டே போனது. அவள் மூச்சு விடும்போது மட்டும், இருக்கிறதா இல்லையா என்பதுபோல், லேசாகப் புடைத்து அடங்கியது.