எட்டு ஜன்னல், மூன்று தட்டு

சேலத்தில் அந்த லாட்ஜுக்கு ஊர் வைத்த பெயர் தலைவெட்டிக் கோயில். ஆட்கள் வாடகைக்குத் தங்கும் லாட்ஜ் இல்லை. வெள்ளைக்காரன் காலத்தில் ஃப்ரீமேசன் சங்கத்தார் ரகசியமாகக் கூடுவதற்குக் கட்டிய மண்டபம். உள்ளே நடப்பதை அவர்கள் வெளியே சொல்லவில்லை. சொல்லாததை ஊர் சும்மா விடுமா? உள்ளே தலையை வெட்டுகிறார்கள் என்று கதை கட்டிவிட்டது.

பழுதுபார்க்க அளவெடுக்க வந்த இன்ஜினியர் மைதிலிக்கு இந்தக் கதையெல்லாம் சிரிப்பாக இருந்தது. கட்டடத்தைச் சுற்றி வந்து, பக்கத்துக்கு நாலாக எட்டு ஜன்னல் என்று குறித்துக்கொண்டாள்.

தன் அப்பாவுக்குப் பிறகு அங்கே காவல் வேலைக்கு வந்த பொன்னன் கதவைத் திறந்துவிட்டார்.

"ஆள் உள்ள போனா கதவச் சாத்திரோணுமுங்க அம்மணி. சங்கத்து மொறைங்க. வெளிய வாரதுக்கு மூணு தட்டுத் தட்டுங்க. கூடக்கொறைய இருந்தா தொறக்க மாட்டனுங்க."

"சரிங்கண்ணா" என்று பாதி காதில் வாங்கிக்கொண்டு போனாள்.

உச்சிவெயிலிலிருந்து நுழைந்தவளுக்குக் கண் இருட்டியது. டார்ச் அடித்தாள். கறுப்பும் வெள்ளையுமாகக் கட்டம் போட்ட தரை. கிழக்கே மூன்று படிக்கு மேல் ஒரு நாற்காலி. வாசலருகே எதையும் தாங்காமல் அழகுக்கு நின்ற இரண்டு தூண்கள். வெளிச்சத்தை மேலே திருப்பினாள். நடு உத்திரத்தைக் கரையான் தின்று, கை நுழையும் அளவுக்கு விரிசல் விட்டிருந்தது. இது இன்னும் நிற்பதே அதிசயம் என்று அவள் நினைத்தபோது தோளில் காரை உதிர்ந்தது. மேலே மடாரென்று ஒரு சத்தம்.

கதவுக்கு ஓடினாள். உள்பக்கம் கைப்பிடியே இல்லை. ஜன்னலைத் தேடிச் சுவரெங்கும் டார்ச் அடித்தாள். வெறும் சுவர். எதிர்ப்பக்கமும் வெறும் சுவர். வெளியே பார்த்த எட்டும் பொய் ஜன்னல்கள்! யாரும் எட்டிப் பார்க்கக் கூடாதென்று கட்டியவர்கள் ஒன்றைக்கூடத் திறப்பாக விடவில்லை.

இரண்டு கையாலும் கதவை அறைந்தாள். "அண்ணா! கதவத் திறங்க!" அத்தனை கனமான கதவில் குரல் எங்கே போகும்? அறைந்துகொண்டே இருந்தாள். யாரும் திறக்கவில்லை. உத்திரம் மறுபடி முனகியது.

அப்போதுதான் பொன்னன் சொன்னது நினைவுக்கு வந்தது. தட்டினாள். அவசரத்தில் நாலாகிவிட்டது. அழுகை வந்தது. வலக்கையை இடக்கையால் இறுகப் பிடித்துக்கொண்டு, எண்ணித் தட்டினாள். ஒன்று. இரண்டு. மூன்று.

கதவு திறந்தது. அவள் வெளியே விழுந்தாள். பின்னாலேயே உத்திரம் இறங்கி, வாசலெல்லாம் புழுதி.

பொன்னனின் முகம் வெளுத்திருந்தது. "மொதல்ல தடதடன்னு தட்டுனது நீங்களுங்களா?"

"நானேதான்! ஏன் திறக்கலை?"

"நானு அவருன்னு நெனச்சனுங்க."

"எவரு?"

"எங்கப்பன் காலத்துல வெள்ளையடிக்க வந்தவருங்க. அவரும் அப்படித்தானுங்க தட்டுனாரு. அப்பன் தொறக்கவே இல்லீங்க. அந்த மனுசன் உள்ளயே செத்துட்டாருங்க." பொன்னன் தலையைக் குனிந்துகொண்டார். "மூணுன்னு அவருகிட்ட ஆரும் சொல்லலீங்க."