எரிய வேண்டிய இடம்

நான்கு நாளாகத் தன் மகளைத் தூக்கவில்லை அந்த வேன்காரி. ஊரார் பிள்ளைகளையெல்லாம் பள்ளிக்கூட வேனில் ஏற்றி, அவரவர் வாசலில் இறக்கிவிட்டவள். கருப்பை வாயில் புற்று வந்ததிலிருந்து வேன் ஷெட்டில் நிற்கிறது. நாலு நாள் முன்னால், படம் எடுப்பதற்காக, ஊசி வழியாகக் கொஞ்சம் கதிரியக்கம் உடம்புக்குள் போயிருக்கிறது. அது அடங்கும்வரை குழந்தையை மடியில் வைக்கக் கூடாதாம். நாலு வயதுக்காரி அத்தை வீட்டில் இருக்கிறாள். அவள் தலையணையை மோந்து மோந்து பெற்றவள் நாளைத் தள்ளுகிறாள்.

இன்றைக்கு ஆஸ்பத்திரியில் ஸ்கேன் படம் எடுக்கிறார்கள். மேஜையில் படுத்ததுமே, "எதுவும் எரியக் கூடாது, எதுவும் எரியக் கூடாது" என்று அவள் உதடு முணுமுணுத்தது. போன படங்களில் விளக்குப்போல எரிந்த இடமெல்லாம் நோய். திரையில் வெளிச்சம் என்றாலே முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

படம் எடுக்கும் பெண் பதறிப்போனாள்.

"ஐயோ அக்கா, மாத்தி வேண்டிக்கிறீங்க! இது வேற படம். உங்களுக்குக் குடுக்கப்போற மருந்து இருக்குல்ல, அதுல புற்றைக் கொல்ற விஷத்தை எடுத்துட்டு, பதிலுக்குக் கொஞ்சம் கதிரைச் சேத்து அனுப்பியிருக்கோம். புற்றுக்கட்டியில போய் ஒட்டினா படத்துல எரியும். எரிஞ்சாத்தான் அந்த மருந்து உங்களுக்கு."

"எரியலைன்னா?"

"அங்க போய் இறங்கலைன்னு அர்த்தம். அந்த மருந்து உங்களுக்கு ஆகாது."

"புள்ளைய வேற வீட்டு வாசல்ல இறக்கிவிட்ட மாதிரி."

"அதேதான். டிரைவரக்கா, வழி சொல்லி அனுப்புங்க. ஆனா ஆடாம சொல்லுங்க!"

மேஜை எந்திரத்தின் வளையத்துக்குள் நகர்ந்தது. வேண்டுதலைத் திருப்பிப் போட்டாள். எரி, தாயே, எரி. என் பிள்ளையை இன்னும் எத்தனையோ தடவை தூக்க வேண்டும்.

பிற்பகலில் டாக்டரம்மா திரையைத் திருப்பிக் காட்டினார். இடுப்புக்கு நடுவே பளிச்சென்று ஒரு பொட்டு.

"கட்டி மருந்தை நல்லா வாங்கியிருக்கு. வர்ற வாரமே ஆரம்பிச்சிடலாம். குணமாயிடும்னு சத்தியம் பண்ண மாட்டேன். போக வேண்டிய இடத்துக்குப் போகுது, அது நிச்சயம்."

வெளியே ஓடிவந்து, காத்திருந்த கணவனிடம், "எரியுதுங்க!" என்றாள். அவன் முகம் வெளுத்து, நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தான்.

"அட, நல்லதுக்குத்தாங்க! மீசை மட்டும்தான் பெருசு" என்று அழுதுகொண்டே சிரித்து, விவரம் சொன்னாள்.

பிறகு நாத்தனாருக்குப் போன் போட்டாள். குழந்தைதான் எடுத்தது.

"அம்மா, இப்பத் தூக்குவியா?"

"நாளன்னிக்குடா தங்கம்."

"நாளைக்கா?"

"நாளைக்கு இல்ல. அதுக்கு அடுத்த நாள்."

"அது எப்ப வரும்?"

அவள் போனைக் கன்னத்தோடு அழுத்திக்கொண்டு, அந்தப் பக்கம் கேட்கும் சின்ன மூச்சைக் கேட்டபடியே நின்றாள்.