மூன்றாம் டிவிஷன் கிளப்பின் இருபத்திரண்டு பேர்

இறந்து ஒன்பது வருடமான சன்னாசி, ஒரு புதன்கிழமை மாலை ஐந்தே காலுக்கு, ஜெராம் பக்கத்துப் பழைய தோட்டத்தின் மூன்றாம் டிவிஷன் திடலுக்குப் பந்து விளையாட வந்தார். அவருக்குப் பின்னால் இன்னும் பதின்மூன்று பேர் வந்தார்கள். உயிரோடு இருந்தவரை ஒருநாளும் நேரத்துக்கு வராத மனிதர் என்பதுதான் விமலாவுக்கு முதலில் தோன்றியது.

விமலா அந்தக் காற்பந்து கிளப்பின் செயலாளர். அதற்கு முன் செயலாளராகவும் கோல் காவலராகவும் இருந்த கணவர் வீரன் ஆறு வருடத்துக்கு முன் மாரடைப்பில் போனார். கோப்புகள் இவர் தலையில் விழுந்தன. பகலெல்லாம் கையுறைத் தொழிற்சாலை, மாலையில் கிளப். தோட்டத்தை விற்றுச் செம்பனை மரங்களைச் சாய்த்த பிறகு மிஞ்சியது அந்தத் திடலும் ஒரு தகரக் கூரை மண்டபமும்தான். சாவு வீடுகளுக்கு நாற்காலியும் அண்டாவும் அங்கிருந்துதான் போகும். சனிக்கிழமை பிள்ளைகளுக்கு டியூஷனும் அங்கேதான். சுற்றிலும் கடைவீடுகள் எழுந்ததும் நிலத்தின் மதிப்பு ஏறியது, கூடவே நகராண்மைக்குக் கட்டும் மதிப்பீட்டு வரியும் ஏறியது. விளையாட்டு மன்றங்களுக்கான வரிச்சலுகை கிடைக்காவிட்டால் மண்டபத்துக்குப் பூட்டு விழும் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

சலுகை வேண்டுமானால் குறைந்தது இருபது பேர் உண்மையிலேயே விளையாட வேண்டும். விமலா உறுப்பினர் புத்தகத்தைப் பார்த்து இருபத்திரண்டு பெயரை எழுதி அனுப்பினார். அதில் பொய் இருப்பதாக அவர் நினைக்கவேயில்லை. மூன்றாம் டிவிஷனில் செத்தவர் பெயரை அடிக்கிற வழக்கம் கிடையாது. அவரவர் ஜெர்சியைப் போட்டுத்தான் ஆளைச் சுடுகாட்டுக்கு அனுப்புவார்கள். சந்தாவை வீட்டார் தொடர்ந்து கட்டுவார்கள். பெயர் அப்படியே இருக்கும். அதிகாரி நேரில் வந்து தலையை எண்ணுவார் என்று கடிதம் வந்த பிறகுதான், எட்டுப் பேர்தான் மூச்சு விடுகிறவர்கள் என்பது உறைத்தது. கடிதத்தை உறுப்பினர் புத்தகத்துக்குள் வைத்து மூடினார். பொய் சொல்லவும் தெம்பில்லை, திருத்தவும் தெம்பில்லை.

அந்தப் புதன்கிழமை அதிகாரி செல்வா வந்தபோது ஆட்டம் பாதி முடிந்திருந்தது. நீலமும் மஞ்சளுமாக, சலவை மடிப்புக் கலையாத ஜெர்சிகள். செல்வா இரண்டு தடவை எண்ணினார். பிறகு விமலாவிடம் தாழ்ந்த குரலில் சொன்னார்:

“அக்கா, பதினாலு பேருக்கு நிழல் விழல.”

 செல்வா கையிலிருந்த விண்ணப்பப் பாரத்தை முன்னும் பின்னும் புரட்டினார்.

“பாரத்துல நிழல பத்தி ஒண்ணும் கேக்கல லா,” என்று கையெழுத்துப் போட்டுவிட்டு, ஒரு தேத்தாண்ணி குடித்துவிட்டுப் போனார்.

ஆட்டம் முடிந்து வீரன் கோல் கம்பத்தடியிலிருந்து நடந்து வந்தார். ஆறு வருடமாக அவரிடம் சொல்ல விமலா எவ்வளவோ சேர்த்து வைத்திருந்தார். அவரோ, அடுத்த வருஷ பாரத்தை மார்ச்சுக்குள் அனுப்பிவிடச் சொன்னார். விமலாவுக்கு அழுகையும் எரிச்சலும் ஒன்றாக வந்தன.

“எனக்கு அலுத்துப் போச்சுங்க. யார்கிட்டயாவது குடுத்துடட்டுமா?”

வீரன் திடலைத் திரும்பிப் பார்த்தார். மூச்சு விடுகிற எட்டுப் பேரில் நாலு பேர் முட்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

“யாரு இருக்கா, விமலா?” என்றார்.

அதற்குப் பின் ஆண்டுதோறும் ஆய்வு நாளில் அவர்கள் வந்தார்கள், சலுகையும் வந்தது. ஒரு வருடம் எட்டு ஏழானது, பதினாலு பதினைந்தானது, மொத்தம் மாறவில்லை. ஊரில் யாரும் அதைப் பெரிதாகப் பேசவில்லை. விமலா ஒவ்வொரு முறையும் எல்லோருக்கும் தேத்தாண்ணி கலக்கினார். பதினாலோ பதினைந்தோ குவளைகள் தொடாமலே ஆறிப்போகும், அவற்றைச் செடிக்கு ஊற்றிவிடுவார். போன தீபாவளிக்குப் புது ஜெர்சி தைக்கக் கொடுத்தபோது தனக்கும் ஒன்று அளவு கொடுத்தார். அதில் மட்டும், பேனா செருக ஒரு பை வைக்கச் சொன்னார்.