கழுவிய கால்வாய்

கால்வாயைப் பார்த்ததும் எனக்கு வந்த கோபத்தில் கையிலிருந்த மனு நகலைக் கசக்கிவிட்டேன். கால்வாயை மெஸ் நடத்தும் கோவிந்தம்மாக்கா கழுவி வைத்திருந்தாள். அடியெல்லாம் பளிச்சென்றிருந்தது. இரண்டு ஓரமும், மந்திரி வருகிற தெருவைப் போல, பிளீச்சிங் பவுடரில் கோடு போட்டிருந்தாள்.

மண்ணூரில் அக்காவின் மெஸ்ஸுக்குப் பின்னால் ஒரு கம்பெனிச் சுவர். அதன் அடியில் ஒரு குழாய். சாயங்காலமானால் நுரையோடு கறுப்புத் தண்ணீரைக் கக்கும். பகலில் யோக்கியன் மாதிரி மூடிக் கிடக்கும். கால்வாயில் தேங்கியிருந்த சகதிதான் எங்களுக்கிருந்த ஒரே சாட்சி. பக்கத்துக் கிணறு கெட்டு, அக்கா வடிக்கிற சோறு பழுப்பேறி, அங்கே சாப்பிட்ட ஷிப்ட் பையன்களில் பாதிப் பேர் வேறு மெஸ்ஸுக்குப் போய்விட்டார்கள். மீதிப் பேரும் போனால் அடுப்பை அணைக்க வேண்டியதுதான். அங்கே சாப்பிட்டுப் பக்கத்து அறையில் தங்கியிருக்கும் நான் எட்டு மாதமாக மனு எழுதி, இன்றுதான் சாம்பிள் எடுக்க மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அதிகாரி வருகிறார்.

"எக்கா, என்ன காரியம் செஞ்சிட்டீய! யாரு கழுவச் சொன்னா?"

"ஆபீசரு வர்றாருன்னு நீதானே சொன்ன பேச்சி? நாறிகினு கெடந்தா நம்மள இன்னா நெனைப்பாரு? விடியக்காலைலேர்ந்து மம்முட்டியால வாரிக் கொட்டினேன். லாரிக்காரன் அள்ளிகினு பூட்டான்."

அவள் உள்ளங்கைகள் கொப்பளித்திருந்தன. எதையும் தொடாதே என்று ஒரு வார்த்தை நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. என் மடத்தனத்துக்கு அவளைத் திட்டிக்கொண்டு நின்றேன்.

அதிகாரி வெள்ளைக் கேனோடு வந்தார். அக்கா நீட்டிய தம்ளரை வாங்கவில்லை. ஜீப்பிலிருந்து பாட்டில் தண்ணீர் எடுத்துக் குடித்தார். கால்வாயை எட்டிப் பார்த்தார்.

"பிளீச்சிங் கலந்ததை லேப்ல எடுத்துக்க மாட்டாங்கம்மா. சுத்தமாத்தானே இருக்கு?"

"சாயங்காலம் வரைக்கும் இருந்து பாருங்க சார்" என்றேன். அவருக்கு நேரமில்லையாம். ஆனால் அக்கா பாத்திரம் கழுவுகிற இடத்திலிருந்து கால்வாய்க்கு வந்த குழாயைக் குனிந்து பார்க்க நேரமிருந்தது. ஓட்டல் கழிவுநீரைப் பொதுக் கால்வாயில் விடக்கூடாது, பதினைந்து நாளில் நிறுத்தாவிட்டால் மெஸ்ஸுக்குச் சீல். பெஞ்சில் உட்கார்ந்தே நோட்டீஸ் எழுதி அக்காவிடம் கையெழுத்தும் வாங்கிக்கொண்டார். சட்டம் சரிதான். அதன் கண்ணுக்கு இந்த ஒல்லிக் குழாய் தெரிகிறது, சுவரடிக் குழாய் மட்டும் தெரியமாட்டேன் என்கிறது.

நான் அறைக்குப் போகவில்லை. சாயங்காலம் சுவரடிக் குழாய் திறந்தது. போட்ட கோடுகளை அடித்துக்கொண்டு கறுப்புத் தண்ணீர் போயிற்று.

அதிகாரி பெஞ்சில் மறந்துவிட்டுப் போன கேனை எடுத்துக்கொண்டு அக்கா கால்வாயில் இறங்கினாள். கேனைக் கழுத்து வரை முக்கி நிரப்பி எடுத்து, மூடியைத் திருகி, சாப்பாட்டு மேஜையில் தம்ளர்களுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"அடுத்த தபா எவன் வந்தாலும் இத்தத்தான் ஊத்துவேன். குடிச்சிட்டு பேசட்டும்."

ஷிப்ட் பஸ் வந்து நின்றது. சாப்பிட இறங்கி வந்த மிச்ச ஏழு பேரும் கேனைப் பார்த்துக்கொண்டு வாசலிலேயே நின்றார்கள். கேனுக்குள்ளே நுரை இன்னும் அடங்கவில்லை.