இரண்டு தம்ளர் சுரைக்காய்ச் சாறு

ஃப்ரிட்ஜ் மெக்கானிக் வீட்டில் ஃப்ரிட்ஜ் ஓடாது. எங்கள் வீட்டிலும் ஓடவில்லை. அந்தக் கோடை முழுக்க அடுத்தவர் வீட்டு கம்ப்ரஸரோடு மல்லுக்கட்டிவிட்டு வந்து, குழாயில் வெந்நீராகக் கொட்டும் தண்ணீரைக் குடித்துக்கொண்டிருந்தேன்.

என் மனைவி அதையே பிழைப்பாக மாற்றிவிட்டாள். 'சிக்கனக் கரண்டி' என்று ஒரு சேனல். அன்றன்று சந்தையில் மலிந்து கிடக்கும் காயை வாங்க வேண்டும், சுலபமாக ஒன்று செய்ய வேண்டும், மிச்சம் வைக்காமல் அன்றைக்கே தீர்த்துவிட வேண்டும். வெள்ளரி, பூசணி, தர்பூசணித் தோல் என்று எதையும் விட்டுவைக்கவில்லை. செய்வது அவள், கைபேசியைப் பிடித்துப் படமெடுப்பது நான், தீர்த்துவைப்பது மாடி அறையில் இருக்கும் என் அப்பா.

அப்பா தீர்த்துவைப்பதற்கு ஒரு கதை இருந்தது. மூன்று கோடைக்கு முன்னால், என் அக்கா குடும்பத்தோடு வந்திருந்தபோது, எல்லோர் முன்னாலும் "சூப்புல உப்பு கம்மி" என்று சொல்லிவிட்டார். இவள் எழுந்து உள்ளே போனாள். கரண்டியைக் கழுவி மாட்டினாள், அடுப்பை அணைத்தாள், அதன்பிறகு பல நாள் பற்றவைக்கவே இல்லை. வீடே ரொட்டியும் வாழைப்பழமுமாகக் காய்ந்தது. கடைசியில் அப்பாவே இறங்கி வந்து, "இனிமே உன் சமையலைப் பத்தி ஒரு குறை என் வாயிலேருந்து வராதும்மா" என்றார். சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். தீய்ந்தாலும் வேகாவிட்டாலும் "நல்லா இருக்கும்மா" ஒன்றுதான் பதில். கல்லை வறுத்து வைத்தாலும் நல்லா இருக்கும்மாதான் என்று நான் கேலி செய்வேன். இவளும் சிரிப்பாள். வீட்டில் சண்டை இல்லை என்று நானும் நிம்மதியாக இருந்தேன்.

அன்றைக்குச் சுரைக்காய். மழை பொய்த்து, கொடியெல்லாம் வாடி, சந்தையில் சுரைக்காய் மட்டும் கேட்பாரற்றுக் குவிந்து கிடந்தது. கொடுக்கும்போதே காய்க்காரம்மா சொல்லி அனுப்பினாளாம்: "இந்த வெயில்ல ஒண்ணு ரெண்டு கசக்கும் தாயி. வெட்டினதும் ஒரு துண்டு வாயில போட்டுப் பாரு. கசந்துச்சுன்னா யோசிக்காம தூக்கிப் போட்டுடு. போன வாரம் கசந்ததைக் குடிச்சுட்டு ஒரு ஆளு ஆஸ்பத்திரிக்குப் போய்ட்டான்."

இவளுக்கு ஒரே சந்தோஷம். வீடியோவுக்குப் புதிதாக ஒரு குறிப்பு கிடைத்துவிட்டதே. கேமராவைப் பார்த்து அழகாகச் சொன்னாள்: "முதல்ல ஒரு துண்டு சாப்பிட்டுப் பாருங்க. கசந்தா அந்தக் காய் வேண்டாம். உங்க பாதுகாப்புதான் முக்கியம்." சொல்லிக்கொண்டே ஒரு துண்டை வாயருகே கொண்டுபோனாள். நான் "கட்" என்றேன். அவள் துண்டைத் தட்டிலேயே போட்டாள்.

எங்கள் வழக்கம் அது. வாயில் போட்டு மென்றால் அடுத்த வரி பேச முடியாது, படத்தில் கன்னம் உப்பித் தெரியும். அதனால் ருசி பார்ப்பதெல்லாம் கை உயரும் வரைக்கும்தான். அதற்குமேல் 'கட்', பிறகு கண்ணை மூடி ஒரு தலையாட்டல். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். எங்கள் வீட்டில் கேமராச் சுரைக்காய்.

காயை மிக்ஸியில் அடித்துச் சாறெடுத்தாள், எலுமிச்சை பிழிந்தாள், உப்பும் புதினாவும் போட்டாள், பச்சையாக நுரைத்து நின்றது. தோலை எதிர்வீட்டு ஆட்டுக்கு எறிந்தேன். சுவரொட்டியைப் பசையோடு தின்கிற ஆடு அது. ஒரு முறை முகர்ந்துவிட்டுப் பின்வாங்கி, தள்ளிப் போய் நின்றுகொண்டது. "உன் ரெசிபி ஆட்டுக்கே பிடிக்கலை" என்று சிரித்துவிட்டு வேலைக்குக் கிளம்பினேன்.

மதியம் சாப்பிட வந்தேன். தெருவில் ஒரு ஈ காக்கை இல்லை. இவள் மேசையில் உட்கார்ந்து வீடியோவைச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள். தாகம் தாங்காமல், மிக்ஸி ஜாடியின் அடியில் கிடந்த சாற்றை அப்படியே வாயில் கவிழ்த்தேன்.

பாகற்காய் கசக்கும், வேப்பிலை கசக்கும். இது வேறு. நாக்கைப் பிடித்துத் திருகுவது போல இருந்தது. தொட்டியில் துப்பினேன், கொப்பளித்தேன், மறுபடி துப்பினேன். போகவில்லை.

"நீ இதைக் குடிச்சியா?"

"இல்லையே, ஏன்?"

"அப்பா?"

அவள் எழுந்து வந்து ஜாடியில் விரலை வைத்து நாக்கில் தொட்டாள். முகம் வெளுத்தது.

"ரெண்டு தம்ளர்ங்க" என்றாள். "ஒண்ணு மாடியில வச்சுட்டு வந்தேன். திரும்பிப் போனப்ப தம்ளர் காலி. இன்னும் கொஞ்சம் வேணுமா மாமான்னு கேட்டேன். போடும்மான்னாரு."

இரண்டு பேரும் மாடிக்கு ஓடினோம். மாடிப்படி அவ்வளவு நீளமாக என்றைக்கும் இருந்ததில்லை.

அப்பா கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். தம்ளர் கழுவி, ஜன்னல் திண்டில் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. குளியலறைத் தரை முழுக்க ஈரம், பினாயில் வாடை மூக்கைத் துளைத்தது. கையைத் தொட்டேன், அந்த வெயிலிலும் ஜில்லென்று இருந்தது.

"மாமா, சாறு கசந்துச்சா?"

"நல்லா இருந்துச்சும்மா" என்றார், கண்ணைத் திறக்காமல்.

"வாந்தி எடுத்தீங்களாப்பா?"

"இல்லப்பா. வெயிலு. கொஞ்சம் படுத்தா சரியாயிடும்."

ஜாடியில் மிஞ்சியதை இவள் ஒரு சின்ன பாட்டிலில் ஊற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டாள். ஆட்டோ பிடிக்கும்போதே அந்த வீடியோவை அழித்தாள். வழி முழுக்க அப்பாவின் கையை விடவில்லை.

ஆஸ்பத்திரியில் வராந்தா வரைக்கும் ஆட்கள் கிடந்தார்கள். எல்லோரும் வெயிலில் சுருண்டு விழுந்தவர்கள். டியூட்டி டாக்டர் சின்ன வயசுப் பெண். கண்கள் தூக்கத்துக்கு ஏங்கிக் கிடந்தன. அப்பாவின் ரத்த அழுத்தத்தைப் பார்த்தாள். "கொஞ்சம் இறங்கியிருக்கு. வெயில் மயக்கமா இருக்கும். சலைன் ஏத்தி அனுப்பிடறேன்" என்று அவர் கையில் ஊசியைக் குத்தினாள்.

நான் சாற்றைப் பற்றிச் சொன்னேன். அவள் கை அப்படியே நின்றது.

"கசந்த சுரைக்காயா? தாத்தா, நீங்க சொல்லுங்க. எவ்வளவு குடிச்சீங்க? கசந்துச்சா? வாந்தி வந்துச்சா, அதுல ரத்தம் இருந்துச்சா?"

அப்பா அவளைப் பார்க்கவில்லை. மருமகளைப் பார்த்தார்.

"நல்லா இருந்துச்சும்மா. ரெண்டு வாய்தான் குடிச்சேன். மிச்சத்தைச் செடிக்கு ஊத்திட்டேன்."

மாடியில் செடியே கிடையாது.

"பொய் சொல்றாருங்க" என்றேன்.

"சார், அவரு குடிச்சப்ப நீங்க பக்கத்துல இல்ல. குடிச்சவரு இல்லைங்கிறாரு" என்றாள் டாக்டர் தாழ்ந்த குரலில். "நிஜமாவே கசந்ததை ரெண்டு தம்ளர் குடிச்சு, ரத்தமா வாந்தியும் எடுத்திருந்தா, இப்பவே உள்ள தீவிர சிகிச்சைக்கு ஏத்தணும். நேரம் போகப் போக பிரஷர் இறங்கிட்டே போகும். உள்ள ஒரு படுக்கைதான் காலி. அதுக்கு வெளியில ரெண்டு பேர் காத்திருக்காங்க. அவரு வாயால எனக்குத் தெரியணும்."

எனக்கு அப்பா மேல் ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. பிடித்து உலுக்கலாம் போல இருந்தது. உதடு நீலம் பாரித்துக்கொண்டிருக்கிறது, ஆனால் மனிதர் மரியாதையை விட மாட்டேன் என்கிறார்.

இவள் பையிலிருந்து பாட்டிலை எடுத்தாள். மூடியைத் திறந்தாள்.

"நல்லா இருந்துச்சு, அப்படித்தானே மாமா?"

"ஆமாம்மா."

"அப்ப நானும் குடிக்கிறேன். காலையிலேருந்து ஒண்ணும் குடிக்கலை."

பாட்டிலை உயர்த்தினாள். 'கட்' சொல்வதற்கு இந்த முறை யாரும் இல்லை. நான் கையை நீட்டுவதற்குள் அது அவள் உதட்டைத் தொட்டுவிட்டது.

அப்பா சலைன் ஊசியோடு எழுந்து அவள் மணிக்கட்டைத் தட்டிவிட்டார். பாட்டில் உருண்டு, பச்சைச் சாறு தரையில் ஓடியது.

"குடிக்காதேம்மா" என்றார். மூச்சு வாங்கியது. "விஷம் மாதிரி கசக்கும். ரெண்டு தம்ளரையும் மூக்கைப் பிடிச்சுக்கிட்டுக் குடிச்சேன். மூணு தரம் வாந்தி, கடைசியா வந்தது ரத்தம். நீ பாத்துடக் கூடாதேன்னு கழுவி விட்டுட்டேன்."

டாக்டர் அதற்குள் ஸ்ட்ரெச்சருக்குக் குரல் கொடுத்துவிட்டாள். ஆட்கள் ஓடி வந்தார்கள்.

"ஏன் மாமா, கசக்குதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?" இவள் அழுதுகொண்டே ஸ்ட்ரெச்சரின் கம்பியைப் பிடித்துக்கொண்டு கூடவே ஓடினாள்.

"சொன்னா நீ மறுபடி அடுப்பை அணைச்சுடுவியோன்னு பயந்துட்டேன்."

தீவிர சிகிச்சைப் பிரிவின் கதவு திறந்தது. அதற்குமேல் எங்களை விடவில்லை. அப்பா கையை லேசாக உயர்த்தி அவளைப் பக்கத்தில் கூப்பிட்டார். குனிந்தாள். எனக்கும் கேட்டது.

"அன்னைக்கு சூப்புலயும் உப்பு கம்மிதாம்மா."

கதவு மூடிக்கொண்டது. இவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாளா அழுதாளா என்று எனக்குத் தெரியவில்லை. சுவரோரமாகத் தரையில் உட்கார்ந்தாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"வந்ததும் நிறைய குறை சொல்லச் சொல்லுங்க" என்றாள்.

நர்ஸ் ஒருத்தி வேகமாக வெளியே வந்தாள், எங்களைப் பார்க்காமல் டாக்டரைத் தேடிப் போனாள். நாங்கள் கதவையே பார்த்துக்கொண்டிருந்தோம்.